கையுறைதான் போடப் போகிறார்களே, அப்புறம் ஏன் ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர்கள் அவ்வளவு நேரம் கை கழுவுகிறார்கள்?

கிளவுஸ் ஓட்டையாகும். ஓட்டையானது பல நேரம் போட்டிருப்பவருக்கே தெரியாது. அதனால்தான்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சிசேரியன் முடிந்து தையலும் போட்டாயிற்று. கிளவுஸைக் கழற்றினால் இடது ஆள்காட்டி விரலில், நகத்தைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் ரத்தம். விரலில் காயம் எதுவும் இல்லை. அந்தக் கிளவுஸில் தண்ணீர் நிரப்பி வாயை முறுக்கிப் பிடித்தேன். விரல் நுனியிலிருந்து நூல் மாதிரி பீய்ச்சியது. ஊசி எப்போது உரசியதென்று இன்றுவரை தெரியாது. ரத்தம் உள்ளே வர வழி இருந்தால், என் விரலில் இருப்பது அந்தத் தாயின் வயிற்றுக்குள் போகவும் வழி இருக்கிறது. முழு நேரமும் நின்று கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன் என்ற நினைப்பு ஒன்றுதான் அன்று என்னைத் தூங்கவிட்டது.

கழுவினால் கிருமி முழுக்கப் போய்விடுமா என்றால், போகாது. கண்ட இடத்தைத் தொட்டு ஒட்டிக்கொண்டு வருபவை சோப்புக்கே போய்விடும். ஆனால் முடிக்கால்களிலும் நக இடுக்கிலும் குடியிருப்பவற்றைக் குறைக்கத்தான் முடியும். கிளவுஸுக்குள் வியர்வையும் சூடும் சேர்ந்தால் அவை திரும்பப் பெருகும். அதனால்தான் சாதாரண சோப்பு போதாது. குளோர்ஹெக்சிடின் போன்ற மருந்து தோலில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரம் அவற்றைத் தலைதூக்க விடாது.

மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். முதலில் நக இடுக்கு, பிறகு ஒவ்வொரு விரலின் நான்கு பக்கமும், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, அப்படியே முழங்கை வரை. விரல்கள் எப்போதும் முழங்கையை விட உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்ட வேண்டும், விரலுக்குத் திரும்பி வரக்கூடாது. கையைத் தூக்கிப் பிடித்தபடியே உள்ளே வருவது இதற்காகத்தான். எங்கள் சீனியர்கள் காலத்தில் பிரஷ் வைத்து 10 நிமிடம் தேய்த்தார்கள். பிரஷ் தோலைப் புண்ணாக்குவதால் உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. மருந்தைப் பொறுத்து 2 முதல் 5 நிமிடம் போதும்.

தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக் காயவிடும் ஆல்கஹால் ஹேண்ட் ரப்பும் இதற்குச் சமம்தான். பிரான்சில் 4,387 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2002ல் வெளியிட்டார்கள். ரப் தேய்த்தவர்கள் செய்த ஆபரேஷன்களில் 2.44 சதவீதம் பேருக்கும், கழுவியவர்கள் செய்ததில் 2.48 சதவீதம் பேருக்கும் புண்ணில் தொற்று வந்திருக்கிறது. ஆனால் ஈரக் கையில் ரப் போட்டால் அது நீர்த்துப் போகும். அழுக்குக் கைக்கும் அது உதவாது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889-90 வாக்கில், கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்கு, கை கழுவப் பயன்படுத்திய மெர்குரிக் குளோரைடு கரைசலால் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அங்கே சர்ஜனாக இருந்த ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கிளவுஸ் செய்து வாங்கினார். கை கழுவும் மருந்திலிருந்து நர்ஸின் கையைக் காப்பாற்றத்தான் அங்கே கிளவுஸ் வந்தது, கழுவுவதற்குப் பதிலாக அல்ல. நோயாளியைக் காக்கவும் அது உதவுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் புதிதாக இருந்தபோது ஒரு சீனியர் சர்ஜன், லிஸ்டில் கேஸ் நிறைய என்று, கையைச் சும்மா நனைத்துவிட்டு வந்து நின்றார். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, கவுனை எடுத்துக் கொடுத்தேன். அந்த நோயாளி எட்டாம் நாள் தையலில் சீழோடு திரும்பி வந்தார். கை கழுவாததால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. இப்போது யாராக இருந்தாலும், “சார், இன்னும் நேரம் ஆகலை, மறுபடி ஸ்கரப் பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் “சரி சிஸ்டர்” என்று திரும்பிப் போவார்கள். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, அவர்களும் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் இருக்கிறது என்றால் ஒரு விஷயம். முந்தின நாள் வீட்டிலேயே பிளேடு போட்டு முடியை வழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களில் கிருமி போய் உட்கார்ந்துகொள்ளும். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பரால் நாங்களே வெட்டிவிடுவோம். நீங்கள் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள்.