விலை உயர்ந்த யுகுலேலேக்களைச் சேகரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளமும் நான்கு தந்திகளும் மட்டுமே உள்ள யுகுலேலே என்னும் வாத்தியத்துக்குச் சிலர் பல ஆயிரம் டாலர் கொடுக்கிறார்களே, அதில் அப்படி என்ன ஈர்ப்பு, அந்த விலைக்கு அது பெறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெறும் என்பதே என் பதில். ஆனால் அந்த விலையில் எவ்வளவு நாதத்துக்குப் போகிறது, எவ்வளவு அலங்காரத்துக்கும் அரிய தன்மைக்கும் போகிறது என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வாங்குகிறார்கள்.

முதலில் நாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1920களில் செய்யப்பட்ட ஒரு மார்ட்டின் சொப்ரானோ, அதாவது சிறிய அளவு, யுகுலேலேயைக் கையில் எடுப்பவர் முதலில் உணர்வது அதன் எடையின்மையைத்தான். ஏறத்தாழ 350 கிராம் மட்டுமே இருக்கும். மேற்பலகையின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியது. கிட்டாரின் எஃகுத் தந்திகளைப் போல இதன் தந்திகள் பெரும் இழுவிசை தருவதில்லை. அந்தச் சிறிய விசையைக் கொண்டே பலகை அதிர வேண்டும் என்பதால், பலகை கொஞ்சம் தடித்தாலும் ஒலி மரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மலிவான யுகுலேலேக்களில் பெரும்பாலானவை உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே தடித்த ஒட்டுப்பலகையில் செய்யப்படுகின்றன. அவை உழைக்கும், ஆனால் பாடுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரத் என்னும் ஊரில் கிட்டார் செய்துவந்த மார்ட்டின் நிறுவனமே இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுத்தான் கற்றது. 1907இல் அவர்கள் கிட்டாரைப் போலவே ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மேற்பலகையும் உள்ளே நிறையத் தாங்குசட்டங்களும் வைத்துச் செய்து பார்த்த யுகுலேலேக்கள் எடுபடவில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சியின் ஹவாய் அரங்கு அமெரிக்கா முழுவதும் யுகுலேலே மோகத்தைக் கிளப்பிவிட்ட பிறகு, மெல்லிய மஹோகனிப் பலகையும் குறைந்த சட்டங்களுமாக அவர்கள் மீண்டும் செய்தவைதான் இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைபவை.

இந்த மார்ட்டின் வரிசையை வைத்தே விலையின் கணக்கை எளிதாக விளக்கிவிடலாம். ஸ்டைல் 0 என்பது ஓரப்பட்டை கூட இல்லாத, 12 மெட்டுகள் கொண்ட எளிய மஹோகனி வாத்தியம். ஸ்டைல் 1, ஸ்டைல் 2 என்று ஏற ஏற ஓரப்பட்டைகள் வந்து சேரும். ஸ்டைல் 3இல் விரற்பலகை நீண்டு 17 மெட்டுகள் ஆகும். 1922இல் வந்த ஸ்டைல் 5கே எல்லாவற்றுக்கும் உச்சம்: அலை அலையாக ரேகையோடிய கோஆ என்னும் ஹவாய் மரம் (பெயரில் உள்ள ‘கே’ இதைக் குறிப்பது), முன்னும் பின்னும் விளிம்பைச் சுற்றிப் பதித்த சிப்பி, தலைப்பகுதியிலும் சிப்பி வேலைப்பாடு. நல்ல நிலையில் உள்ள ஒரு ஸ்டைல் 0 சில நூறு டாலருக்குக் கிடைக்கும்போது 5கே பல ஆயிரம் டாலர் கேட்கும். ஆனால் உடலின் அளவு ஒன்றே, செய்த பட்டறையும் ஒன்றே.

என்னிடம் இருப்பது ஸ்டைல் 0தான். ஒலித்துளை வழியாகச் சிறு விளக்கை வைத்துப் பார்த்தால், குறுக்கே ஒட்டப்பட்ட சட்டங்கள் இரு முனைகளிலும் காகிதம் போல மெலியும் வரை சீவப்பட்டிருப்பது தெரியும். வாங்குபவர் கண்ணுக்கு எட்டாத இடம் அது. வரிசையிலேயே மலிவான வாத்தியத்தின் உட்புறத்தில் ஒருவர் அவ்வளவு கவனம் செலுத்தியிருக்கிறார் என்பதுதான் எனக்கு இந்த வாத்தியங்களின் மீதுள்ள பற்றுக்கு முதற்காரணம். 5கே ஒன்றை வாசித்துப் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்திருக்கிறது. கோஆவின் ஒலி சற்றுத் துலக்கமானது, மஹோகனியின் ஒலி சற்றுக் கனிந்தது. விலையில் உள்ள வேறுபாட்டில் சிறு பங்கு கூட என் செவிக்கு எட்டவில்லை. அதனால் 5கே வாங்குபவர் ஏமாறுகிறார் என்று சொல்ல மாட்டேன். ஒளி படும் கோணத்தை மாற்றும்போது அந்த மரத்தின் ரேகைகள் இடம் மாறி மின்னுவதும், வளைந்த இடுப்பில் பிசிறே இல்லாமல் சிப்பி ஓடுவதும் தம்மளவில் பெரிய கைவினைதான். அதற்கு விலை உண்டு.

கோஆ ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் வேல மர இனம். அதிலும் அலைரேகை ஓடிய மரம் அரிது. மேய்ச்சலுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டதால் வாத்தியத்துக்கு ஏற்ற முதிர்ந்த மரம் இன்னும் அருகிவிட்டது. 1879 ஆகஸ்டில் ராவென்ஸ்க்ராக் என்னும் கப்பலில் மதீராத் தீவிலிருந்து ஹொனலுலு வந்து இறங்கிய போர்த்துகீசியத் தச்சர்களான மனுவேல் நூனெஸ், அவுகுஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்டோ ஆகிய மூவரும், தங்கள் ஊர்ச் சிறு வாத்தியங்களை மாதிரியாகக் கொண்டு இந்த உள்ளூர் மரத்தில் செய்து பார்த்ததில்தான் யுகுலேலே உருவானது. நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாகா 1916இல் தொடங்கிய பட்டறை இன்றும் அதே குடும்பத்தின் கையில் ஹொனலுலுவில் இயங்குகிறது. அவர் 1920களில் வடிவமைத்த அன்னாசி வடிவ யுகுலேலேக்களின் தொடக்கக் காலப் பிரதிகள் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்புப் பெற்றவை. புகழ்பெற்ற யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ மேடையில் வாசிப்பதும் கமாகா டெனர்தான்; டெனர் என்பது சொப்ரானோவைவிடப் பெரிய அளவு. புதிய வாத்தியம் வாங்க விரும்புபவருக்கு, பழைய 5கேயைவிட இத்தகைய பட்டறையின் டெனர் ஒன்றே வாசிப்புக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

மதிப்புக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது வாத்தியத்தின் வாழ்க்கைக் கதை. 1926இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பர்டின் வடதுருவப் பயணக் குழுவில் இருந்த ரிச்சர்ட் கான்டர் என்னும் கடற்படை வீரர் தம் மார்ட்டின் 1கே யுகுலேலேயைத் துருவத்துக்குப் புறப்பட்ட விமானத்தில் மறைவாக ஏற்றி அனுப்பினார். பின்னர் அதன் உடல் முழுவதும் துருவப் பயணி அமுன்ட்சென், எடிசன், அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்கள் இடம்பெற்றன. இன்று அது மார்ட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மதிப்புக்கும் நாதத்துக்கும் தொடர்பே இல்லை.

வாங்க முடிவு செய்துவிட்டால், மிகத் தொடக்கக் காலத்தவை சில தவிர, பழைய மார்ட்டின் யுகுலேலேக்களுக்கு வரிசை எண் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். காலத்தைக் கணிக்க உறுப்புகளைத்தான் படிக்க வேண்டும். தந்தியை முறுக்கும் பிருடைகள் மரமாக இருந்தால் அது முந்தைய காலத்தது. மெட்டுகள் தட்டையான பட்டைகளாக இருந்தால் பெரும்பாலும் 1930களின் நடுப்பகுதிக்கு முந்தையது. தலையின் பின்புறம் அச்சு முத்திரை மட்டும் இருந்து முன்புறம் பெயர் ஒட்டப்படாமல் இருந்தால் 1930களின் தொடக்கத்துக்கு முந்தையதாக எண்ணலாம். மேற்பூச்சு அசலா என்று கட்டாயம் கேளுங்கள். பளபளவென்று மறுபூச்சு அடித்த வாத்தியத்தின் சேகரிப்பு மதிப்பு வெகுவாகச் சரிந்துவிடும். முறையாக ஒட்டிச் சீராக்கிய விரிசல் அவ்வளவு பெரிய குறையல்ல. எஃகுத் தந்தி கட்டப்பட்டிருந்த வாத்தியத்தில் பிரிட்ஜ், அதாவது மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை, தூக்கியிருக்கிறதா, மேற்பலகை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலீடாக நினைத்து வாங்க வேண்டாம். வாங்க ஆள் குறைவான சந்தை இது. அவசரத்துக்கு விற்றால் நட்டமே மிஞ்சும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கும்படி பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், விரற்பலகையோ பிரிட்ஜோ பிரேசில் ரோஸ்வுட்டா என்று விற்பவரிடம் எழுத்தில் உறுதி பெறுங்கள். 1992 முதல் அந்த மரம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய அனுமதி ஆவணம் இல்லாமல் வரும் வாத்தியத்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்ய நேரலாம்.