ரேட்ஸ் பில் ஏறினால் எந்தக் கதவைத் தட்டுவது?

ரேட்ஸ் எனும் நகராட்சிச் சொத்துவரியைப் பற்றி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பா விட்டுப்போன பழைய வீடு. ஜூலையிலிருந்து ரேட்ஸ் எகிறிவிட்டது. வார்டு கூட்டத்தில் சத்தம் போட்டும் பலனில்லை. கட்டாமல் நிறுத்திவிடலாமா? அம்மாவும் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார், ஆனால் அவருக்கு எழுத வராது.”

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போட்ட மதிப்பை எதிர்த்து ஆட்சேபம் கொடுத்திருந்தாலும் ரேட்ஸ் கட்டும் பொறுப்பு தள்ளிப்போகாது என்று 2004-ஆம் ஆண்டின் சொத்துவரிச் சட்டமே சொல்கிறது. உங்கள் பக்கம் தீர்ப்பானால் கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும்.

இப்போது பழைய பில்லையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். ரேட்ஸ் என்பது வீட்டின் மதிப்பை, ஒரு ராண்டுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதத்தால் பெருக்குவதுதான். கணக்குக்காக விகிதம் 1 சென்ட் என்று வைத்துக்கொள்வோம், தள்ளுபடிகளை விட்டுவிடுவோம். 8 லட்சம் ராண்ட் வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000. மதிப்பை 10 லட்சம் ஆக்கினால் 10,000. மதிப்பு மாறாமல் விகிதம் 6 சதவீதம் ஏறினால் 8,480. இரண்டும் வேறு வியாதி, மருந்தும் வேறு.

மதிப்புதான் ஏறியதா? நகராட்சியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வான்படத்தையும் அக்கம்பக்கத்து விற்பனை விலையையும் வைத்தே முடிக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பின்பக்கம் துணி காயப்போட இறக்கிய தகரக் கூரை, வாடகை அறையாகக் கணக்கில் ஏறியிருந்தது! ஆகவே உங்கள் வீட்டுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மதிப்புப் பட்டியலில் பாருங்கள். பட்டியல் பொதுப் பார்வைக்கு வரும்போது ஆட்சேபத்துக்குக் குறைந்தது 30 நாள் தருவார்கள். “எல்லாருக்கும் ஏற்றிவிட்டார்கள்” என்று எழுதினால் செல்லாது. உங்கள் ஒரு வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். விரிசல் விட்ட சுவரின் படம், அளவு, அதே தெருவில் விற்ற வீட்டின் விலை, இவை பேசும். தேதி தவறிவிட்டதா? மதிப்பு பெரிதும் தவறு என்று காட்டி, துணை மதிப்பீடு, அதாவது இடையில் செய்யும் மறுமதிப்பீடு, கேட்டு எழுதுங்கள். மனையின் எர்ஃப் (erf) எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள்.

விகிதம்தான் ஏறியதென்றால், ஜூலையில் கத்திப் பயனில்லை. கவுன்சிலர் நல்லவராக இருந்தாலும்கூட. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் நகராட்சிச் சபைக்கு வந்துவிடும்; அதற்கு ஒப்புதல் தருவதை மே முடிவதற்குள் சபை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள வாரங்கள்தான் உங்கள் காலம். வந்த கருத்துகளைச் சபை பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதிச் சட்டம். “ரேட்ஸைக் குறை” என்ற ஒற்றை வரிக்கு யாரும் பதில் எழுத முடியாது. எந்தத் தெரு, எந்த வடிகால், எந்த மழையில் அடைத்தது, போன வருடம் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் அம்மாவுக்கும் வழியுண்டு. எழுத்தில் கருத்துக் கேட்டு நகராட்சி விடும் அறிவிப்பில், எழுத வராதவர் வந்து சொன்னால் எழுதித்தரும் ஊழியரின் பெயர் இருக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம். அந்த ஊழியருக்குத் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்களும் கூடப் போங்கள். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு, முத்திரையிட்ட நகலை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.