அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் கால்வாயில்: எந்தப் பாதை சரிவரும்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வருகிற ஓகஸ்டில் பர்மிங்ஹாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், 8 வயது மகள், முழங்கால் நோவுள்ள 71 வயது அம்மா. தங்கையும் மச்சானும் சேர்ந்தால் ஏழு பேர். ஒரு வாரத்துக்கு 70 அடி நரோபோட் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ‘ஃபோர் கவுண்டீஸ் ரிங்’ என்ற கால்வாய்ச் சுற்றைப் போய்வரலாம் என்று மச்சான் திட்டம் போட்டிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் படகு ஓட்டத் தெரியாது. இது சரிவருமா? பிடித்துப்போனால் பழைய படகொன்றை வாங்கும் யோசனையும் மச்சானுக்கு இருக்கிறது.

பதில்: படகு ஓட்டத் தெரியாதது ஒரு பிரச்சினையே இல்லை. மச்சான் தெரிந்தெடுத்த பாதைதான் பிரச்சினை.

ஃபோர் கவுண்டீஸ் சுற்று ஏறத்தாழ 110 மைல், 94 லொக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி). படகுக்காரர் மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: மைலையும் லொக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணித்தியாலம் என்று வரும். 204ஐ மூன்றால் வகுத்தால் 68 மணித்தியாலம். ஒரு வார வாடகை என்பது சனி பின்னேரம் ஏறி அடுத்த சனி காலை சாவியைக் கொடுப்பது, அதாவது முழுதாக ஆறு நாள். நாளுக்குப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேலே போகிறது. பழகிய ஆட்கள் இதைக் குறைத்துச் செய்வார்கள், உண்மைதான். முதல் தடவை ஓடுகிறவர்கள், அதுவும் 70 அடிப் படகில், கூட்டித்தான் செய்வார்கள். அந்தச் சுற்றில் ஹெயார்காஸில் என்று இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் ஒன்றும் உண்டு. இருட்டுக்குள் ஏறக்குறைய 40 நிமிடம். அதற்கு வடக்கே லொக்குகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் ஏற்றத்துக்குப் படகுக்காரர் வைத்த பட்டப்பெயர் ‘ஹார்ட்பிரேக் ஹில்’. விடுமுறைக்குப் போகிற குடும்பத்துக்கு இந்தப் பெயரே போதும்.

லொக் என்றால் என்ன என்று பார்த்துவிட்டால் நான் ஏன் இப்படிப் பயப்படுத்துகிறேன் என்று விளங்கும். இரண்டு முனையிலும் கதவு வைத்த நீளமான கல்தொட்டி. கீழே இறங்க வேண்டுமா? தொட்டியில் நீர் நிரம்பியிருக்கும்போது படகை உள்ளே விட்டு, மேல்கதவை மூடி, கீழ்க்கதவிலுள்ள மதகுப் பலகையை ஓர் இரும்புக் கைபிடியால் சுற்றித் தூக்குவார்கள். நீர் வெளியே ஓட, படகும் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மேல்கதவின் அடியில் ‘சில்’ என்று ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது கண்ணில் படாது. படகின் பின்பக்கம் அதன்மேல் இருக்கும்போது நீரை இறக்கினால் பின்பக்கம் திட்டில் மாட்டிக்கொள்ளும், முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சில நிமிடத்தில் படகு சரிந்து நீர் உள்ளே வந்துவிடும். கால்வாய்களில் வாடகைப் படகு தாழ்வது அரிது. தாழ்ந்தால் காரணம் பல தடவை இதுதான்.

தொட்டிச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கவேண்டும். அந்தக் கால்வாய்களில் லொக்கின் நீளம் 72 அடியளவுதான், உங்கள் படகு 70 அடி. மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். சுக்கானைப் பிடிக்கிறவர் கோட்டில் இருந்து கண்ணை எடுக்கக்கூடாது. மேலே கைபிடியோடு நிற்கிறவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். போன் வந்தால் அது அடிக்கட்டும். இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டவும் கூடாது. படகு கயிற்றில் தொங்கிவிடும்.

சரி, எங்கே போகலாம்? லங்கொல்லன் கால்வாய்க்குப் போங்கள். இங்கிலாந்தின் விட்ச்சர்ச் பக்கம் ஏறினால் வேல்ஸில் இருக்கும் லங்கொல்லன் ஊருக்கு ஏறத்தாழ 30 மைல், இடையில் இரண்டே இரண்டு லொக். போய்த் திரும்ப 60 மைல், நாலு லொக். நமது கணக்கில் 21 மணித்தியாலம். இடையில் தூக்குப்பாலங்கள் வரும், வேல்ஸ் பக்கம் போகும்போது நீரோட்டமும் எதிரே வரும். தாராளமாக 25 மணித்தியாலம் என்று வையுங்கள். நாளுக்கு நாலு மணித்தியாலம் ஓடிவிட்டு மிச்ச நேரம் தேத்தண்ணீர்தான். படகை எடுக்கும் இடம் கிரின்ட்லி புரூக்கின் ஆறு லொக்குகளுக்கு மேல்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பதியும்போதே கேளுங்கள். எல்ஸ்மியர், சேர்க் பக்கங்களில் ஏறினால் இன்னும் சுருக்கம்.

இந்தப் பாதையின் உயிர் பொன்ட்கசுல்டே நீர்ப்பாலம். டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதற்குள்ளால் படகு போகும். 1805இல் திறந்தது, 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். எங்கள் ஹமில்டன் கால்வாயை, அதுதான் டச்சுக் கால்வாய் என்று பலர் சொல்லும் வத்தளை நீர்கொழும்புப் பக்கத்துக் கால்வாயை, வெள்ளைக்காரன் வெட்டி முடித்தது 1804இல். இரண்டும் ஒரே காலத்து வேலை. பாலத்தின் ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. தொட்டியின் இரும்பு விளிம்பு நீருக்குச் சற்று மேலே நிற்கும், அதற்கப்பால் ஆகாயம்தான். முதல் தடவை கடந்தபோது நான் சுக்கானைப் பார்த்தபடியே இருந்தேன். என் மனைவிதான் கீழே மாடு மேய்வதாகச் சொன்னாள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளே இருந்து நடைபாதைப் பக்க ஜன்னலைப் பார்க்கலாம். பிள்ளைகளை அந்த நேரம் கூரைமேலோ விளிம்பிலோ இருக்க விடவே வேண்டாம்.

பாலம் தாண்டி லங்கொல்லன் போகும் வழியில் ஒரு படகு மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான இடங்கள் உண்டு. அங்கே மகனுக்கு உத்தியோகம் காத்திருக்கிறது. ஒரு பெரியவரோடு கரைப்பாதையால் முன்னே நடந்துபோய், எதிரே படகு வரவில்லை என்று போனில் சொல்லவேண்டும். ஓகஸ்டில் அங்கே நல்ல நெரிசல். காலை எட்டு மணிக்கே அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் கரைச்சல் குறைவு.

இனி ஓட்டும் விஷயம். அங்கே கால்வாயில் படகோட்ட லைசன்ஸ் தேவையில்லை. வாடகைக்குத் தருகிறவர்கள் ஒரு மணித்தியாலமளவில் காட்டித் தருவார்கள். அதை உங்களில் இரண்டு பேராவது கேட்கவேண்டும், வீடியோவும் எடுத்து வையுங்கள். வேக எல்லை மணிக்கு நாலு மைல். மற்றப் படகுகள் கட்டிக் கிடக்கும் இடத்தில் எஞ்சின் முணுமுணுக்கிற அளவில்தான் போகவேண்டும். கோல்பேஸில் பின்னேரம் நடக்கிறவர்கள் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். காரோட்டிப் பழகிய மச்சானின் கை தானாக இடப்பக்கம் போகும். சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும், இது அரை நாளில் பழகும். பிரேக் கிடையாது. பின்னுக்கு எடுக்கும்போது சுக்கான் சொல்வழி கேட்காது.

70 அடி என்பது இரண்டு இ.போ.ச. பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின நீளம். அகலமோ ஏழடிகூட இல்லை, பஸ்ஸைவிட ஒடுக்கம். அப்படியானதை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. திருப்புவதற்கென்று கரையை அகட்டி வெட்டிய இடங்கள் உண்டு, அவற்றிலும் சிலதில் 70 அடி திரும்பாது. எங்கெங்கே திரும்பும் என்று வரைபடத்தில் பேனையால் குறித்துத் தரச்சொல்லுங்கள். இன்னொன்று: படகு கரையில் இடிக்கப் போகிறதென்றால் இடிக்கட்டும். காலை நீட்டித் தடுக்கவே கூடாது. இருபது தொன்னளவு இரும்பு அது.

அம்மாவுக்கு லங்கொல்லன் வழி நல்லதென்று சொல்வதற்குக் காரணம், அவர் அடிக்கடி கரைக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. முன்தட்டில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தால் நாள் முழுக்க வாத்துக்களோடு கதைத்துக்கொண்டு இருப்பார். ஆனால் முன்தட்டில் இருந்து உள்ளே இறங்க இரண்டு மூன்று செங்குத்தான படி இருக்கும். படியின் படத்தையும் கைபிடி இருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டில் நிரந்தரக் கட்டிலாக, கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு மேசையை இறக்கிச் செய்யும் கட்டிலில் இளசுகள் படுக்கலாம். ஓகஸ்ட் என்றாலும் இரவில் குளிர் இறங்கும், கம்பளிக் காலுறை மறக்க வேண்டாம்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு உண்டு, சோறு கறிக்குக் குறைவில்லை. ரைஸ் குக்கரை மட்டும் தங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படகின் பற்றரியை அது அரைமணியில் களைக்க வைத்துவிடும். பானையில் வடியுங்கள். கதவிலும் கூரையிலும் காற்றோட்டத்துக்கு விட்டிருக்கும் துளைகளைக் குளிருது என்று துணியால் அடைக்கக்கூடாது, அடுப்பை மூட்டிக் குளிர்காயவும் கூடாது. கார்பன் மொனொக்சைட் மணம் இல்லாமல் கொல்லும். அதற்கான அலாரத்தை ஏறின அன்றே அழுத்திப் பாருங்கள். சுடுநீர் எஞ்சின் சூட்டில்தான் வருகிறது, ஆகவே படகு ஓடி முடிந்த கையோடு குளிப்பு. ஏழு பேர் என்றால் தண்ணீர்த் தாங்கியைத் தினமும் நிரப்புங்கள். குழாயடியில் அரைமணி, ஒரு மணி என்று போகும்; பாத்திரம் கழுவ அதுதான் நேரம்.

துணி காயப்போடுவது பற்றி ஒரு கதை. நான் அங்கே பல வருசம் வாடகைப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்தவன். ஒருநாள் படகு நகரமாட்டேன் என்கிறது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் நம்மவர்கள்! பின்கம்பியில் காயப்போட்ட சேலை காற்றுக்கு நீரில் விழுந்து, பன்னிரண்டு முழமும் புரொப்பெல்லரில் சுற்றி முறுகி மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. பின்தட்டுக்குக் கீழே இதற்கென்றே ஒரு மூடி உண்டு. திறந்து, தோள்மட்டும் கையை விட்டு, பாண் வெட்டும் கத்தியால் ஒன்றே கால் மணித்தியாலம் அறுத்தேன். கடைசியில் வந்தது மாம்பழ நிறக் கரைத்துண்டு. அந்த அம்மா அதை வாங்கிப் பிழிந்து, மடித்து வைத்துக்கொண்டார். உங்களுக்கும் புல்லோ பையோ சுற்றலாம். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கையை விடவேண்டும். முடிந்ததும் மூடியை வடிவாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் அறைக்குள் நீர் ஏறும்.

யாராவது நீரில் விழுந்தால் முதல் வேலை எஞ்சினை நியூட்ரலில் போடுவது. பின்னுக்கு எடுத்து அருகே போகப் பார்க்காதீர்கள். கால்வாய் பல இடத்தில் இடுப்பளவுதான், எழும்பி நிற்கச் சொன்னால் போதும், லொக்குக்குள் அப்படியில்லை. பிள்ளைகளின் நிறையைச் சொல்லி லைஃப் ஜாக்கெட் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எலிக்காய்ச்சல் அங்கேயும் உண்டு. கையில் கீறல் இருந்தால் பிளாஸ்டர், கயிறு பிடித்த கையைச் சோப் போட்டுக் கழுவின பிறகு சாப்பாடு.

படகு வாங்கும் கதைக்கு வருகிறேன். மச்சான் நினைப்பதுபோல வாங்கும் விலையோடு அது முடியாது. கால்வாய்களைப் பார்க்கும் கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்டுக்கு வருசா வருசம் லைசன்ஸ் காசு, காப்புறுதி, நாலு வருசத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி அடிக்குக் கறுப்புத் தார் பூசுதல். கட்டி வைக்க ஓர் இடமும் வாடகைக்கு வேண்டும். இடமில்லாமலும் லைசன்ஸ் எடுக்கலாம், ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து அப்படியானவர்களுக்கு மேலதிகக் கட்டணமும் வந்திருக்கிறது. பர்மிங்ஹாமில் வேலைக்குப் போகிற மனிதருக்கு அந்த வழி சரிவராது.

அப்படியும் வாங்கத்தான் போகிறார் என்றால், விற்கிறவர் காட்டும் பழைய அறிக்கையை நம்பாமல், படகை நீரில் இருந்து தூக்கித் தன் செலவில் சர்வேயரிடம் காட்டவேண்டும். புதிதில் அடித்தட்டு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6. எங்காவது 4க்குக் கீழே துருப்பிடித்துக் கரைந்திருந்தால் காப்புறுதிக்காரர் முகம் சுளிப்பார்கள், புதுத் தகடு ஒட்டும் செலவு தலைக்கு மேலே போகும். படகைப் பார்க்க மே மாத வெயிலில் போகவேண்டாம், பெப்ரவரியில் மழை பெய்கிற ஒரு நாளாகப் பார்த்துப் போகச்சொல்லுங்கள். ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் மெத்தையைத் தூக்கி, அடிப்பலகை ஈரமா என்று கையால் தடவிப் பார்க்கட்டும்.