ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கில் கல்வராயன் மலை மண் தடங்களில் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் போக எப்படித் திட்டமிடலாம்?

கேள்வியில் இருக்கிற அந்த "ஒரே நாளில்" என்பதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் புதுச்சேரிக்காரர், செகண்ட் ஹேண்டில் வண்டி எடுத்திருக்கிறீர்கள், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, திங்கள் காலையில் வேலைக்குப் போயாக வேண்டும், அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. ஞாயிறு மதியத்துக்கு மேல் மூடுவேன், முழு நாள் மூடுவது வருஷத்தில் நாலைந்து தடவைதான்.

நேரடிப் பதில்: முடியாது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சி போகவே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதற்கு மேல் மலை ஏற வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். மலைக்குள் நல்ல மண் தடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனாலே அது நல்ல வேகம், ஜல்லி கொட்டின இடத்தில் 10கூட வராது. "நான் 40-ல் போவேன்" என்று யாராவது கீழே எழுதுவார்கள், போகட்டும், நான் சொல்வது புதிதாக வண்டி எடுத்த ஒருவருக்கு. மண் தடம் 40 கிலோமீட்டர், அதிகம் போனால் 50, அதற்கு மேல் ஒரு நாளில் வைக்காதீர்கள். நான் லடாக் போனவன் இல்லை, பந்தயம் ஓட்டினவனும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கை எப்படித் தப்பாகப் போடுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

2022 பிப்ரவரி. நான், என் தங்கையின் வீட்டுக்காரர், கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையன், மூன்று பேர். என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக், மாப்பிள்ளையிடம் உங்களுடையதைப் போலவே 411. பையனும் எக்ஸ்பல்ஸ்தான். வழியை நான்தான் போட்டேன். செயற்கைக்கோள் படத்தில் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை என்ற ஊரைச் சுற்றித் தெரிந்த மெல்லிய கோடுகளை எல்லாம் சேர்த்து 140 கிலோமீட்டர், மணிக்கு 40 என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. இதைத் தங்கையிடமும் சொல்லியாயிற்று. "ஆறு மணிக்கு வந்துடுவோம்மா, ராத்திரிச் சாப்பாடு வீட்டுலதான்."

காலை ஆறரைக்குக் கிளம்பினோம், அதுவே தாமதம். பண்ருட்டியில் டீ, உளுந்தூர்பேட்டையில் டிபன், கள்ளக்குறிச்சியில் பெட்ரோல், கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறும்போது பதினொன்றை நெருங்கிவிட்டது. வெள்ளிமலை வரைக்கும் தார்தான். அதற்கப்புறம் கிளை பிரிந்து சின்னச் சின்ன ஊர்களுக்குப் போகும் தடங்களில் முதல் 18 கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஆன நேரம் இரண்டரை மணி நேரம். அந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். மாப்பிள்ளைகூட "இதுவே போதும் மச்சான், நல்லாத்தான் இருக்கு" என்றார். நான்தான் "இன்னும் பாதிகூட வரலை" என்று எல்லோரையும் கிளப்பினேன்.

மூன்று மணி வாக்கில் ஓர் இறக்கம். யாரோ ரோடு போடுவதற்காக 40 எம்எம் ஜல்லியைப் பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள், ரோலர் ஏறவில்லை. இதைப் புரிந்துகொள்ள வேண்டும். உடைத்த ஜல்லிக்கு முனை முனையாக இருக்கும், ரோலர் ஏற்றி, சின்னக் கல்லும் கிராவலும் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறுக்கினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கப்பி ரோடாகிவிடும், அதில் தாராளமாகப் போகலாம். இறுக்காத வரைக்கும் ஒவ்வொரு கல்லும் தனித்தனி, டயருக்கு அடியில் உருளும். அதன்மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் நின்றுவிடும், கல் மட்டும் நகரும், வண்டி படுத்துவிடும். மாப்பிள்ளைக்கு அதுதான் நடந்தது. பயத்தில் முன் பிரேக்கை அப்படியே இறுக்கிவிட்டார். படுக்கும் முன்பே முன் ரிம் ஒரு பெரிய கல்லில் அடித்த சத்தம் பின்னால் வந்த எனக்குக் கேட்டது.

டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல். டயரில் காற்று குறைவாக இருந்து கல்லில் அடித்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இப்படித்தான் வெட்டும். காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கச் சொன்னது நான். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தேன், அவர்கள் ஓட்டியது எடை குறைந்த வண்டி, இது 200 கிலோவுக்குப் பக்கம், மேலே மாப்பிள்ளை, பின்னால் பை. மண்ணில் காற்றைக் குறைப்பது சரிதான், டயர் கொஞ்சம் பரந்து பிடிக்கும், ஆனால் டியூப் உள்ள வண்டிக்கு அளவு இருக்கிறது. 411-க்குத் தாரில் முன்னால் 25, பின்னால் 32 வைக்கிறோம் என்றால் மண்ணில் முன்னால் 20, பின்னால் 25-க்குக் கீழே நான் இப்போது இறக்குவதில்லை. தார் வந்ததும் மறுபடி ஏற்ற ஒரு கைப்பம்பு கட்டாயம் வேண்டும்.

சரி, டியூப் போயிற்று, மாற்றலாம் என்று பையைத் திறந்தால், நான் கொண்டு போனது என் பின் சக்கரத்துக்கான 18 அங்குல டியூப். முன் சக்கரம் மூன்று வண்டிக்குமே 21. பஞ்சர் கிட்டும் இருந்தது, ஆனால் அது டியூப்லெஸ் டயருக்குள் குத்தும் திரி, டியூபுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஹார்டுவேர் கடைக்காரன் நான், நட்டு போல்ட்டை அளவு கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அங்கே ஜல்லியில் உட்கார்ந்து அந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. கிராமத்துப் பஞ்சர் கடைகளில் 17, 18 டியூப் கிடைக்கும், 21 கிடைக்காது. அதனால் நீங்கள் ஒரே ஒரு டியூப்தான் எடுத்துப் போக முடியும் என்றால் 21-ஐ எடுங்கள், அவசரத்துக்கு அதைப் பின் டயருக்குள்ளும் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதோடு ஒட்டுப் போடும் சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் லீவர். வீட்டு வாசலில் ஒரு தடவையாவது சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மாப்பிள்ளையின் மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கிவிட்டது. போனில் டவர் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் கேழ்வரகு மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பெரியவர் வந்தார், அதே ஜல்லியில், இரண்டு காலையும் தரைக்குப் பக்கத்தில் தொங்கப் போட்டு, அவசரமே இல்லாமல். கையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து இப்போதே இறங்குகிறோம் என்றேன். "வேணாம் தம்பி. கை ஒடஞ்சவரைப் பின்னால வெச்சுக்கிட்டு இருட்டுல இந்தக் கல்லுல எறங்கினா நீயும் சேர்ந்து விழுவ. எங்க வீட்டுல படுத்துட்டு வெடிஞ்சதும் போங்க." அவர் வீட்டுத் திண்ணையில்தான் அன்றைக்கு ராத்திரி. மூங்கில் பட்டையும் பழைய வேட்டித் துணியும் வைத்துக் கையைக் கட்டிவிட்டார்கள், களி கொடுத்தார்கள். மறுநாள் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் கீறல், மாவுக்கட்டு, ஒன்றரை மாதம். மாப்பிள்ளையின் வண்டி பெரியவர் வீட்டிலேயே ஒரு வாரம் நின்றது, அடுத்த ஞாயிறு நான் புது டியூபைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தேன்.

ஆனால் இதையெல்லாம் விட எனக்கு வலிப்பது வேறு. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் டவர் கிடைத்தது. வில்லியனூரில் தங்கை இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மூன்று நம்பருக்கும் மாறி மாறிப் போட்டிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறாள். அங்கே முதல் கேள்வியே "எந்த வழியாப் போனாங்க?" அவளுக்குத் தெரிந்தது "கல்வராயன் மலை" என்ற ஒரு பெயர்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் சத்தம் போடவில்லை, சாப்பாடு போட்டாள். கை கழுவும்போதுதான் கேட்டாள்: "அண்ணே, எந்த ரோட்டுல வந்து உங்களத் தேடுறதுன்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அதனால் திட்டம் என்று என்னைக் கேட்டால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இப்போது கிளம்பும் முன் ஒரு தாளில் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதுகிறேன், எந்த ஊருக்கு அப்புறம் டவர் இருக்காது, எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் (எனக்கு மதியம் ஒரு மணி, அதில் பேரமே இல்லை), ராத்திரி எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் 112-க்குக் கூப்பிட்டு இந்தத் தாளைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது வரை. ஒரு பிரதி தங்கை வீட்டில் காலண்டருக்குப் பின்னால் இருக்கும். வழியை மாற்றினால் டவர் இருக்கும்போதே அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவேன். பையன்கள் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். படத்தில் கோடு தெரிந்தால் அது போகக்கூடிய வழி என்று அர்த்தம் இல்லை. வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், அதனால் ஊரையும் ஊரையும் இணைக்கும் தடங்களை மட்டும் எடுங்கள், சந்தேகம் இருந்தால் வன அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வழிகளையும் நம்பாதீர்கள், 2024 டிசம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணை ஓரம் எத்தனை இடம் அறுத்துக்கொண்டு போயிற்று என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், ஜனவரி, பிப்ரவரி நல்லது, அதற்கப்புறம் காட்டுத்தீக் காலம். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்று அங்கேயே நிரப்பினாலும் கள்ளக்குறிச்சியில் மறுபடி நிரப்புங்கள். 15 லிட்டர் டேங்க் போதும், ஆனால் ஒன்று இரண்டு கியரிலேயே ஏறினால் மைலேஜ் நன்றாக இறங்கும். விலை உயர்ந்த போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள், பைக் அதிர்வில் கேமரா கெடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) பற்றிச் சண்டை வேண்டாம்: 2020 முதல் வந்த 411-ல் பின் சக்கரத்துக்கு மட்டும் அணைக்க முடியும், பழகும் வரை அதையும் அணைக்காதீர்கள். கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, சக்கரத்தைப் பார்க்காமல் இருபது அடி முன்னால் பாருங்கள். பின் பிரேக்கோடு, முன் பிரேக்கை இரண்டு விரலால் மெதுவாக.

பழக மலைக்கே போக வேண்டாம். திருவக்கரை கல்மரப் பூங்கா பக்கம் குவாரிகளுக்குப் போகும் ரோடுகளில் எல்லா வகை ஜல்லியும் இருக்கிறது, டிப்பர் லாரி ஓடாத நாளாகப் பார்த்துப் போங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்புகளுக்கு நடுவில் செம்மண் வண்டித்தடங்கள் இருக்கின்றன, தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு, கொட்டை பொறுக்கும் பருவத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஜல்லி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி, மூடி, மேலே இதே ஜல்லியைக் கொட்டி எட்டு மாதம் ஆகிறது. தார் இல்லை. வேலை எடுத்தவர் கேட்கும் போதெல்லாம் அடுத்த வாரம் என்கிறார். 67 வயதில் என் அம்மா ரேஷன் கடைக்கு நடந்து போய் அதில் வழுக்கி இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். மனு கொடுக்கப் போன இடத்தில் ஒருவர், "நீங்கதான் மலையில எல்லாம் ஜல்லியில வண்டி ஓட்டுறவராச்சே" என்றார். நான் ஓட்டுவது ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் போட்டுக்கொண்டு, வேண்டும் என்று தேடிப் போய். அம்மா போட்டிருந்தது ரப்பர் செருப்பு. அவர் அரிசி வாங்கப் போனார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை இப்படிப் போங்கள்: சனிக்கிழமை வேலை முடிந்ததும் கள்ளக்குறிச்சி வந்து லாட்ஜில் தங்குங்கள், ஞாயிறு விடியும்போது மலை ஏறுங்கள், வெள்ளிமலையில் டிபன், அங்கிருந்து 20 கிலோமீட்டர் மண், ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், குறைந்தது இரண்டு வண்டி. இந்த வாரமே 21 அங்குல டியூப் வாங்கிவிடுங்கள், புதுச்சேரியில் பெரிய ஸ்பேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வீட்டில் யாரிடம் அந்தத் தாளைக் கொடுப்பீர்கள் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள், நான் எழுதும் தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.