புதிதாக அசெம்பிள் செய்த கணினி அடிக்கடி நின்றுபோகிறதா? – கேள்வி பதில்

பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கட்டிய கணினிகள் குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கணினி எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்ற இரண்டையும் எழுதியவர்களுக்கே தெளிவான பதில் தர முடிந்தது.

கேள்வி: ரைசன் 5 7600 ப்ராசஸரும் 16 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்5 6000 ரேமும் போட்டுக் கணினி கட்டினேன். பிரௌசர் திறந்திருக்கும்போதுகூட நீலத்திரை (விண்டோஸ் பிழையின் பெயரைக் காட்டி நின்றுபோகும் திரை) வருகிறது. ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட் என்கிறது, மறுமுறை வேறு பெயர் காட்டுகிறது. விண்டோஸை மறுபடி நிறுவியும் தீரவில்லை.

பதில்: பிழையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் மிக முக்கியமான தகவல். ஒரு குறிப்பிட்ட டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருள்) காரணமாக இருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேமில் கோளாறு என்றால், கெட்டுப்போன இடத்தில் அந்த நேரத்தில் எந்த நிரலின் தரவு இருந்ததோ அந்த நிரல் விழும். ஆகவே பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்.

ரேமின் மேல் 6000 என்று அச்சிட்டிருப்பது அதன் தயாரிப்பாளர் சொல்லும் வேகம். உங்கள் ப்ராசஸருக்கு இரண்டு ரேம்களுடன் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதியளிப்பது 5200 வரைதான். பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளில்) எக்ஸ்போ ப்ரொஃபைலை, அதாவது ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்தால் அது ஓவர்கிளாக்தான் (உறுதியளித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது); பெரும்பாலான கணினிகள் அதைத் தாங்கும், சில தாங்காது. எனவே முதலில் பயாஸ் அமைப்புகள் அனைத்தையும் டிஃபால்ட் நிலைக்குக் கொண்டுவந்து, எக்ஸ்போ இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போது நீலத்திரை நின்றுவிட்டால், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்றிய பிறகு எக்ஸ்போவை மீண்டும் முயலலாம்.

டிஃபால்ட் நிலையிலும் விழுகிறது என்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுவதும் ஓட விடுங்கள். பிழை காட்டினால் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு, மற்றதை ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். பிறகு மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். இன்றைய பல மதர்போர்டுகளில் ரேம் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கும். அந்த முனையில் 'டக்' என்று சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். மறுமுனை அரை மில்லிமீட்டர் மேலே நின்றிருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

ரேமைச் சோதிக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நிறுவும்போது கோப்புகள் ரேம் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போகின்றன. ரேம் பழுதாக இருந்தால் அவை சிதைந்தே பதிவாகும். பின்னர் நல்ல ரேம் போட்டாலும் கோளாறு தொடரும். ஆகவே ரேம் சரியான பிறகு நீங்கள் இன்னொரு முறை விண்டோஸை நிறுவுவதே நல்லது.

கேள்வி: என்னுடையதும் ரைசன் 7000 வரிசை ப்ராசஸர் பொருந்தும் ஏஎம்5 மதர்போர்டுதான். அதே மாடல் ரேம் இன்னும் இரண்டு வாங்கி நான்காகப் போட்டேன். ஆன் செய்தால் வெகுநேரம் கருப்புத்திரை. அதன் பிறகு வந்தாலும் சீக்கிரமே ஹேங் ஆகிறது.

பதில்: ரேமை மாற்றியபின் முதல்முறை ஆன் செய்யும்போது மதர்போர்டு அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுப்பது இயல்பு; அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள். ஹேங் ஆவது வேறு விஷயம். ரைசன் 7000 வரிசையில் நான்கு ரேம்களுக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600தான். அந்த வேகத்தில் வைத்துப் பாருங்கள். வேகமும் கொள்ளளவும் சேர்ந்து வேண்டுமானால், நான்கையும் கொடுத்துவிட்டு அதிகக் கொள்ளளவுள்ள இரண்டு ரேம்களாக ஒரே பெட்டியில் வாங்குவதுதான் என் பரிந்துரை.

கேள்வி: விளையாடும்போது நீலத்திரை எதுவும் இல்லாமல், கரண்ட் போனது போல மொத்தமாக அணைந்துவிடுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பழுது என்று இதற்குப் பொருளா?

பதில்: கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பது மட்டுமே அந்த 41க்குப் பொருள், காரணத்தை அது சொல்லாது. அந்தப் பதிவின் விவரப் பகுதியில் பக்செக் கோடு (நீலத்திரைப் பிழையின் எண்) 0 என்று இருந்தால், நீலத்திரையைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது சந்தேகம் மின்சாரத்தின் மீதும் வெப்பத்தின் மீதும் திரும்ப வேண்டும்.

கேபினெட்டைத் திறந்து கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் வயரைப் பாருங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு 8 பின் தலைகள் இருக்க, அவை இரண்டையும் கார்டில் செருகியிருக்கிறீர்களா? ஒரு 8 பின் இணைப்புக்கு வரையறுத்த அளவு 150 வாட். கார்டு கண நேரத்தில் அதன் சராசரியைவிட மிக அதிகமான மின்சாரம் இழுப்பதும் உண்டு. அந்த ஏற்றத்தைத் தாங்காத எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களாக இழுத்துச் செருகுங்கள்.

பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறைத்து அதே விளையாட்டை ஓட்டுங்கள். அணையாமல் ஓடினால் எஸ்எம்பிஎஸ் மீதான சந்தேகம் வலுக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற நேர்ந்தால், பழைய மாடுலர் (பெட்டியிலிருந்து கழற்றக்கூடிய) கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் பின்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் அந்த நொடியே கருகிவிடக்கூடும்.

கேள்வி: ரைசன் 7000 வரிசை ப்ராசஸர் 95 டிகிரி தொடுகிறது. அதனால்தான் விழுகிறதா?

பதில்: அந்த வரிசையின் பல மாடல்கள் முழுச்சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சும்மா இருக்கும்போதே அந்த அளவு போனால்தான் கவலை. அப்படியென்றால் கூலரைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9 ப்ராசஸர். விளையாட்டு தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கார்டில் 16 ஜிபி இருக்கிறது.

பதில்: கார்டைக் குறை சொல்லாதீர்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் நன்கு அறியப்பட்ட கோளாறின் அடையாளம் இது. ப்ராசஸர் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கி நாளடைவில் சேதமாகிறது என்று இன்டெல் நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. புதிய பயாஸில் அவை இருக்கின்றன, இன்றே ஏற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே சேதமான ப்ராசஸரை எந்தத் திருத்தமும் மீட்காது. பெரிய ஜிப் கோப்புகளை விரிக்கும்போதும் பிழை வருகிறது என்றால் மாற்றித் தரும்படி கேளுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறார்கள்.

கேள்வி: கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: கணினியில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. மின்சாரம் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லிவினாடிதான். இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோடுக்கான சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கணினிக்கெனத் தனி யூபிஎஸ் தேவை.

கேள்வி: மெம்டெஸ்ட் ஓட்டியதில் ஒரே ஒரு பிழைதான் வந்தது. கடையில் 'இதெல்லாம் சகஜம்' என்கிறார்கள்.

பதில்: டிஃபால்ட் வேகத்தில் ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் பழுதுதான்; சரியான எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. பிழை தெரியும் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடியாக வாங்கியதென்றால் இரண்டையும் பில்லோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பல நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதில்லை. கடைக்காரர் மறுத்தால் தயாரிப்பாளரின் தளத்திலேயே வாரன்டி கோரிக்கையைப் பதிவு செய்து அந்தப் படத்தை இணையுங்கள்.