நுகர்வோர் கேள்வி-பதில்: எமுலேட்டரை விலைக்கு விற்பவர்கள்

கேள்வி: 'பத்தாயிரம் விளையாட்டுகள்' என்று அச்சிட்ட கையடக்கக் கன்சோலை மகனுக்கு வாங்கலாமா? (மதுரை)

எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள். தொண்ணூறுகளின் '9999 இன் 1' கேசட்டில் சில விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தன.

கேள்வி: பள்ளி நாட்களில் மாமா வீட்டுக் கணினியில் முதன்முதலாக எமுலேட்டரில் (பழைய கன்சோல் விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) மரியோ ஆடினேன். டிவியில் கேசட் செருகி ஆடியது கணினித் திரையில் ஓடியதைக் கண்டு வியந்தேன். அதே எமுலேட்டர்களைத் தொகுத்து ஒருவர் 799 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கட்டுமா? (திருச்சி)

வாங்காதீர்கள். 1997-இல் நெஸ்டிகிள் என்ற எமுலேட்டர் வந்தபோது, ரத்தம் சொட்டும் கை வடிவ அம்புக்குறியைக் கண்டு அதிர்ந்தவர்களும், கேசட் காலத்தில் மின்சாரம் போனால் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்த விளையாட்டை நினைத்த இடத்தில் சேமித்துவைத்து மறுநாள் தொடர முடிந்ததில் பூரித்தவர்களும், அதற்காக ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டில் வந்த இசட்ஸ்நெஸ், மேம் என்ற எமுலேட்டர்களும் இலவசமாகவே கிடைத்தன. ஸ்நெஸ்9எக்ஸ் என்ற எமுலேட்டரின் உரிமம் வணிகப் பயன்பாட்டை வெளிப்படையாகத் தடுக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கடையில் நான் விலை கொடுத்து வாங்கிய எமுலேட்டர் குறுந்தகட்டில், இதை விற்கக்கூடாது என்று அதை உருவாக்கியவர்கள் எழுதிய கோப்பையும் சேர்த்தே பதிந்து விற்றிருந்தார்கள். இரவெல்லாம் விழித்திருந்து எழுதியவருக்கு ஒன்றும் போகாமல், நகலெடுத்தவர் காசு பார்ப்பதை என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை. பழைய நினைவின் மீது நமக்குள்ள பாசத்தைத்தான் இவர்கள் விலையாக்குகிறார்கள். எமுலேட்டர் உருவாக்குவது குற்றமன்று. சோனி தொடுத்த வழக்கில், அதன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. விளையாட்டுகளின் பதிப்புரிமை வேறு; அது அவற்றை வெளியிட்ட நிறுவனங்களிடமே இருக்கிறது, தொகுத்து விற்பவரிடம் இல்லை. எமுலேட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அந்த 799 ரூபாயை ஒரு நல்ல யுஎஸ்பி கன்ட்ரோலருக்குச் செலவிடுங்கள். திசைப் பொத்தான் விரலுக்கு இசைகிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரெட்ரோ கன்சோலின் மெமரி கார்டு இரண்டே வாரத்தில் பழுதாகிவிட்டது. விற்பனையாளர் பதிலே சொல்வதில்லை. (ஈரோடு)

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. இத்தகைய கருவிகளில் மலிவான கார்டைச் செருகிவிடுவது வழக்கமாகிவிட்டது. ரசீதையும் அனுப்பிய செய்திகளையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம்; பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் கருவி கைக்கு வந்த அன்றே கார்டை நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: ரசீது வேண்டாமென்றால் 200 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால் சம்மதித்து வாங்கினேன். இப்போது திரை எரியவில்லை. கடைக்காரர் என்னைத் தெரியாது என்கிறார். (சேலம்)

ரசீதை 200 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள். ஜிபே போன்றவற்றில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுத்துக்கொண்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.