ஏ9 வீதி: கேளுங்கள், லொறிக்கார அண்ணை சொல்கிறேன்

2002 இல் பாதை திறந்த நாளிலிருந்து, நடுவில் பூட்டிக் கிடந்த காலம் போக, இந்த வீதியில் லொறி ஓட்டியவன். இப்போது கிளிநொச்சியில் வீட்டோடு இருக்கிறேன். கேளுங்கள்.

கே: ஏ9 கொழும்பு வீதிதானே அண்ணை?
ப: இல்லை தம்பி. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றர் சொச்சம். யாழ்ப்பாணத்துக்குள் அதன் பெயரே கண்டி வீதி. கொழும்பு வண்டிகள் நடுவழியில்தான் வந்து ஏறும்.

கே: ஒரு வீதிக்கு ஏன் இவ்வளவு பேச்சு?
ப: 2006 ஓகஸ்டில் போரால் வீதியைப் பூட்டியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில் போனது. ஆட்களும் கப்பல், விமானம் என்று அலைந்தார்கள். அதற்கு முன் தொண்ணூறுகளில் கிளாலிக் கடனீரேரியைக் கடக்க இரவோடு இரவாகப் படகேறியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 2009 இல் மறுபடி திறந்தது. ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்டோபர் ஆனது. அதுவரை மரக்கறி, சீமெந்து, மருந்து எல்லாம் பெரும்பாலும் இந்தத் தார் மேல்தான். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் மன்னார், பூநகரிப் பக்கமாகவும் போகலாம். ஆனாலும் பாரம் கூட ஏ9 இல்தான்.

கே: இரவில் ஓடலாமா?
ப: ஓடலாம், கட்டாக்காலி மாட்டை மறக்காமல். பகல் சூடு தாரில் தங்கியிருக்கும், அதில் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு லைட் வெளிச்சத்தில் தெரியாது, கண் இரண்டும் மினுங்கும்போதுதான் தெரியும். அப்போது பிரேக்கை மிதித்துப் பிரயோசனம் இல்லை.

கே: பஸ் கட்டணம் எவ்வளவு?
ப: பஸ் நிலையத்தில் கேளுங்கள்.

கே: கொழும்பிலிருந்து ஏ9 எங்கே தொடங்குகிறது?
ப: மேலே பாருங்கள்.

கே: நூறில் போகலாமா?
ப: இது அதிவேகப் பாதை இல்லை. வன்னிக்குள் பெரும்பாலும் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயும். மாடு வேறு, சொன்னேனே!

கே: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லோரும் நிற்பது வீண் மினக்கேடு.
ப: இதற்கு மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போனால் ஆபத்து என்கிறார் ஒருவர். கச்சான் வாங்கத்தான் நிற்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். நம்பிக்கை அவரவர் பாடு. மாங்குளம் தாண்டினால் வீதி நேர்கோடு, விடியப்புறம் கண் தானாகச் சொருகும். அங்கே பத்து நிமிடம் இறங்கி, மணலில் வறுத்த கச்சானைச் சுடச்சுட உடைத்தால் நித்திரை போய்விடும். நான் ஒருநாளும் நிற்காமல் போனதில்லை.

கே: அதிவேகப் பாதை வந்தால் முறிகண்டியில் யார் நிற்பார்கள்?
ப: அதைக் கச்சான் விற்கிற அம்மாவிடம் கேட்டேன். "முதலில் பாதையைப் போடட்டும் தம்பி, கச்சானோடு அங்கே போகிறேன்" என்றா.